ஸ்கேனா? பஞ்சாங்கமா?

கோவையில் வார்ப்படப் பட்டறை நடத்துகிறவர், தாம் வார்த்த இரும்புக்குள் வெடிப்பு இருக்கிறதா என்றறிய ஜோசியரிடம் போவதில்லை. காதுக்குக் கேளாத ஒலியை இரும்புக்குள் செலுத்தி, அது எதிரொலித்துத் திரும்பும் விதத்தைக் கொண்டு பழுதைக் கண்டுகொள்ளும் கருவி இருக்கின்றது. ஆனால் அதே மனிதர், தம் வீட்டுப் பெண்ணின் பிரசவம் என்றதும் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுகிறாரே, இதற்கு என்ன பெயர் சொல்லுவது?

இத்தனைக்கும் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் என்பது அந்தப் பட்டறைக் கருவியின் உடன்பிறப்பேயாகும். கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு வைத்தியர் அயன் டொனால்ட் என்பவர், 1955-ல் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போய், இரும்பின் பழுதைக் காட்டும் கருவியில் மனித உடலிலிருந்து எடுத்த கட்டிகளை வைத்துச் சோதித்தார். டாம் பிரவுன் என்ற இன்ஜினீயரின் துணையோடு அதைத் திருத்தி, 1958-ல் உலகறிய வெளியிட்டார். இது எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டதல்ல. பட்டறையில் பிறந்த அறிவு.

கடைசி மாதங்களில் இந்த ஸ்கேன் என்ன சொல்லுகிறது? குழந்தையின் தலை கீழே திரும்பியிருக்கிறதா, நஞ்சு கருப்பையின் வாயை அடைத்திருக்கிறதா, பனிக்குட நீர் போதுமா, வளர்ச்சி சரியா, தொப்புள்கொடியில் இரத்தம் தடையின்றி ஓடுகிறதா என்பவற்றைச் சொல்லுகிறது. எடையைச் சொல்லும்போது பத்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ தவறலாம். தவறலாம் என்பதை அதுவே ஒப்புக்கொள்ளுகிறது. எந்த ஜாதகம் அப்படி ஒப்புக்கொண்டிருக்கிறது?

இனி நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். "நீர் குறைந்துவிட்டது, இன்றே குழந்தையை எடுக்கவேண்டும்" என்று டாக்டர் சொன்னால், "ஆயில்யம் கழியட்டும், மகம் வரட்டும்" என்கிறார் மாமியார். இரத்த ஓட்டம் குறைந்த குழந்தைக்கு நட்சத்திரம் மாறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கத் தெரியுமா? வேறு சிலரோ, ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு, நல்ல நாள் தவறிப்போகுமென்று, 39 வாரம் நிறையுமுன்பே கத்தி வைக்கச் சொல்லுகிறார்கள். அப்படி அவசரமாய் எடுத்த குழந்தை மூச்சுத் திணறினால் ஜோசியரா வந்து பிராணவாயு வைப்பார்?

தவிரவும் ஒன்று கேட்கிறோம். பிறந்த நேரம்தான் தலைவிதியென்றால், அந்த நேரத்தைக் குறிப்பவர் டாக்டராகவும் பணம் கட்டுகிறவர் மாமனாராகவும் இருக்கும்போது, கிரகத்துக்கு அங்கே என்ன வேலை? விதியைக் கத்தியால் மாற்றலாமென்றால் அது விதியா?

ஸ்கேனையும் ஒரு சாமியாக்கிவிடக் கூடாது. 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கூறிற்று. பின்னால் எடுப்பது சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, வளர்ச்சிக் குறைவு போன்ற காரணம் இருந்தால்தான் பெரிதும் பயன்படும். காரணமின்றி வாரத்துக்கொன்று எடுப்பது கோவிலைச் சுற்றுவதற்கு ஒப்பானது. ஆனால் குழந்தையின் அசைவு குறைந்தால், நாள் பாராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இச்சோதனை இலவசம் என்று 2011-லேயே திட்டம் வந்துவிட்டது.

இதே கருவியிடம் "ஆணா, பெண்ணா?" என்று கேட்கும் இழிவும் நம்மிடம் உண்டு. பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது நம் பக்கத்துச் சேலத்தில்தான் என்பதை மறக்கலாமா? பிறந்தபின் செய்த கொலையைப் பிறக்குமுன் செய்யக் கருவியைத் தேடினார்கள்; 1994-ல் சட்டம் செய்து அதைக் குற்றமாக்க வேண்டியதாயிற்று. கருவி புதிதாயிருந்து என்ன பயன், கேள்வி மநு காலத்ததாயிருந்தால்?

ஆகவே தோழர்களே! வயிற்றுப் பிள்ளையைப்பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்றுதான்: அது நலமாயிருக்கிறதா? அதற்கு விடை சொல்லுகிறவர் டாக்டர். கேட்கவும் முடிவு செய்யவும் முதல் உரிமையுள்ளவள், அதைச் சுமக்கும் பெண். மற்றவர்கள் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடட்டும்.