வீட்டினுள்ளே கிடந்த மகிழ்ச்சி

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. முதலில் 21 நாட்கள் என்றார்கள். பின்னர் மே 3, மே 17, மே 31 என அது நீண்டுகொண்டே சென்றது. அந்நாட்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நோயும் மரணமுமே முன்னே வந்து நிற்கின்றன. அது முறையே. விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் மட்டும் நின்ற அடக்கச் சடங்குகளை நாமும் நடத்தியிருக்கிறோம். ஆயினும் அதே நாட்களில் நம் இல்லங்களில் சில சிறு மகிழ்ச்சிகளும் முளைத்தன. அவற்றைப் பேசவே பலர் கூசுகின்றனர். பிறர் துயருற்ற வேளையில் தாம் மட்டும் மறைத்து உண்ட பண்டம் போல அவற்றை எண்ணுகின்றனர். அக்கூச்சம் வேண்டுவதில்லை என்பது நமது கருத்து.

தோட்டம் எனப் பலருக்கு அமைந்தது அஞ்சறைப் பெட்டியிலிருந்தே. நினைத்தபோது கடைக்குச் செல்ல இயலாது. சென்றாலும் கீரை கிடைக்குமென்ற உறுதி இல்லை. ஆகவே தாளிக்க வைத்திருந்த வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்து உடைந்த வாளியில் தூவினார்கள். மூன்றாம் நாள் முளை தலைநீட்டியது. கொத்தமல்லி அத்தனை எளிதில் இணங்குவதில்லை. தனியாவைத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைத்து, பத்து நாட்களுக்கு மேலும் பொறுத்திருக்க வேண்டும். புதினாவோ, துவையலுக்கு இலையைக் கிள்ளிய பின் எஞ்சிய தண்டை நீரில் இட்டாலே வேர் விடும். (நமது பங்கு இல்லத்துப் புதினாவும் அவ்வாறு வந்ததே. ஆனால் சமையற்காரர் அதற்குத் தாமே உரிமையாளர் என்கிறார், நாம் வழக்காடுவதில்லை.) அரிசி களைந்த நீர் செடிக்குச் சென்றது; தேயிலைச் சக்கையும் முட்டை ஓடும் எருவாயின. வெயிலேறிய பின் நீர் ஊற்றலாகாது, காலையிலும் மாலையிலுமே ஊற்றவேண்டும் என்பதை நாற்பது வயதில் அறிந்துகொண்ட குடும்பத் தலைவர்கள் நம் பங்கிலேயே உண்டு.

தளர்வுகள் வந்தபின் வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர் நம்மைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று, அங்கிருந்த அந்திமந்தாரையைப் பெருமிதத்தோடு காட்டினார். மாலையில்தான் அது மலர்கிறது என்றும், மறுநாட் காலை வெயிலேறுமுன் வாடிவிடுகிறது என்றும் தாமே கண்டறிந்த செய்தியைப்போல் விளக்கினார். அருகில் நின்ற அவருடைய துணைவியார் சிரித்துக்கொண்டே, “இந்தச் செடி பதினைந்து வருஷமா இங்கேதான் நிற்குது சாமி. இவர்தான் இப்போ வந்திருக்கார்” என்றார்.

ஊரடங்குக்கால மகிழ்ச்சிகளைப்பற்றி நாம் கேட்ட சொற்களில் இதற்கு மேலான ஒன்று இல்லை. அம்மகிழ்ச்சிகளுள் பெரும்பாலானவை புதியன அல்ல. யாரோ ஒருவர் அவற்றை நாள்தோறும் நீரூற்றிக் காத்து வந்திருக்கிறார். ஏனையோர் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்பியதால் காணவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணவரும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தது இனிமை என்று நாம் எழுதிவிடலாம். ஆனால் அந்த இனிமைக்காக நாளொன்றுக்கு மூன்று வேளைச் சமையலும், நடுநடுவே காப்பியும் பலகாரமும், ஓயாத பாத்திரமும் ஒருவர் தலையிலேயே விழுந்தன. அந்திமந்தாரையைக் கண்டுபிடித்த நண்பர் அடுப்படியையும் கண்டுபிடித்தாரா என நாம் வினவவில்லை. வினவியிருக்கலாம்.

வீட்டுப் பாட்டிமாருக்கும் அந்நாட்கள் ஒரு பேறு. பரணிலிருந்து பல்லாங்குழி இறங்கியது. பதினான்கு குழிகளுக்கும் புளியங்கொட்டை தேடப்பட்டது. பல ஆண்டுகளாக ஆட ஆளின்றி இருந்த மூதாட்டியர் பேரப் பிள்ளைகளை இரக்கமின்றித் தோற்கடித்தனர். குயில் அவ்வாண்டுதான் முதன்முதல் கூவியது போல் பலர் வியந்தனர்; சித்திரைதோறும் அது கூவிக்கொண்டுதான் இருந்தது, பேருந்தின் ஒலிப்பானில் அமிழ்ந்து போயிற்று. ஒரு சிறுவன் எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, தையல்சிட்டு இலையின் ஓரங்களைத் துளைத்துப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைப்பதை நாட்கணக்கில் பார்த்திருந்தானாம். கோயில் கதவு அடைபட்ட ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. அன்று வீட்டுத் தென்னையின் ஓலையைக் கிழித்துத் தந்தையர் பிள்ளைகளுக்குச் சிலுவை முடையக் கற்றுக்கொடுத்தனர். சிலருக்குத் தாமே மறந்துவிட்டதால் பாட்டியிடம் கேட்க வேண்டியிருந்தது.

கொல்லையும் இல்லை, மாடியும் இல்லை, ஒற்றை அறையில் ஆறு பேர் என்றிருந்த குடும்பங்களும் நம் பங்கில் உண்டு. தினக்கூலி நின்றுபோன அவ்வீடுகளில் சென்று செடிகொடியின் இனிமையைப் பேசுவது கொடுமை. அத்தகைய ஒரு வீட்டின் வாசலில் பெயிண்டு டப்பா ஒன்றில் தக்காளிச் செடி நின்றது, நான்கு காய்கள். அவற்றால் அவ்வீட்டின் பசி தீரவில்லை. தீர்த்தவை நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசியும் அண்டை வீட்டாரின் கைகளுமே. எனினும் அவ்வீட்டுச் சிறுமி நம் விரலைப் பிடித்து அழைத்துச் சென்று அந்த நான்கையும் நமக்கு எண்ணிக் காட்டினாள். மிகச் சிறியதை மூன்றாவதாக எண்ணிவிட்டு, மறந்தவள் போல் மீண்டும் நான்காவதாகவும் எண்ணினாள். ஆகவே அவள் கணக்கில் ஐந்து.

இன்று பேருந்துகள் ஓடுகின்றன, பள்ளிகள் நடக்கின்றன. நாம் வீடு சந்திக்கச் செல்லும்போது மாடிகளில் தொட்டிகள் பல கவிழ்ந்து கிடப்பதைக் காண்கிறோம். காரணம் கேட்டால், நேரமில்லை என்கிறார்கள். வெந்தயத்திற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. கவிழ்ந்த தொட்டியொன்றை நிமிர்த்தி, மண்ணைக் கிளறி, ஊறிய வெந்தயத்தை ஒரு பிடி தூவி, விரற்கடை அளவுக்கும் குறைவாக மண் மூடினால் போதும். மூன்று வாரங்களில் ஒரு வேளைக்குக் கீரை கிடைக்கும். நீர் ஊற்றும் பொறுப்பை மட்டும் தாயாரிடம் விட்டுவிடாமல் வீட்டிலுள்ளோர் நாட்களைப் பிரித்துக்கொள்க. திங்கட்கிழமை தந்தைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கீரையை ஆய்வதும் அன்று அவரே.