மருந்துத் துண்டோடு அடகுக் கடைக்கு ஓட வேண்டாம்



வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் நம் லயங்களில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். முதல் வாரம் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன. இரண்டாம் வாரம் கைமாற்று. மூன்றாம் வாரம் வாரக் கடன் கொடுக்கும் கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். மாதங்கள் கழிந்து வட்டி கழுத்தை நெரிக்கும்போதுதான், "சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்று யாராவது சொல்கிறார்கள். அப்படி வருகிறவர்களின் பையில் மருந்துத் துண்டைவிட அடகுச் சீட்டுதான் அதிகம் இருக்கிறது.

இந்த வரிசையை மாற்ற வேண்டும். கடைசியில் கேட்பதை முதலில் கேட்க வேண்டும். அதைச் சொல்லவே இந்தத் தலையங்கம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் சரி, இரத்தினபுரி போதனா வைத்தியசாலையிலும் சரி, கண்டி தேசிய வைத்தியசாலையிலும் சரி, ஊசி மருந்துக்கோ கதிர்வீச்சுக்கோ கட்டணம் கிடையாது. ஒரு நோயாளிக்கு 15 இலட்சம் ரூபாவுக்கு மேல் மருந்து வாங்குவதில்லை என்று முன்பு ஒரு வரம்பு இருந்தது. 2016இல் அதையும் நீக்கினார்கள். எனவே "விலையான மருந்து, நமக்கெல்லாம் தரமாட்டார்கள்" என்று நாமே முடிவு கட்டிக்கொள்வது தவறு. பெரிய வீட்டுக்காரருக்கும் கொழுந்து எடுப்பவருக்கும் அங்கே ஒரே வார்ட்தான்.

ஆனால் இலவசம் என்ற சொல்லுக்கும் கையில் மருந்து கிடைப்பதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த காலத்தில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகும் அவ்வப்போது ஒரு மருந்து இருக்கும், ஒன்று இருக்காது. "இது ஸ்டொக்கில் இல்லை, வெளியில் எடுத்து வாருங்கள்" என்று ஒரு துண்டைத் தருவார்கள். அந்தத் துண்டைக் கோர்ட் கட்டளை போல எடுத்துக்கொண்டு நாம் பாமசிக்கு ஓடுகிறோம். ஓடாதீர்கள். அந்த இடத்திலேயே நின்று கேளுங்கள். வேறு அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த மருந்து இருக்கிறதா, அங்கிருந்து எடுக்க முடியுமா? ஆஸ்பத்திரியே வெளியில் வாங்கிக் கொடுக்க முடியுமா? இதற்குப் பதிலாக வேறு மருந்து உண்டா? எத்தனை நாள் பொறுக்கலாம்?

இவற்றில் இரண்டாவது கேள்வியை நம் ஆட்கள் கேட்பதே இல்லை. இருப்பில் இல்லாத மருந்தை வைத்தியசாலை நிர்வாகமே உள்ளூரில் வாங்கி நோயாளிக்குக் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. 'லோக்கல் பர்ச்சேஸ்' என்று சொல்வார்கள். அதற்கு டொக்டர் எழுத வேண்டும், நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும், பணமும் இருக்க வேண்டும். எல்லா நேரமும் நடக்காது. ஆனால் கேட்காவிட்டால் ஒருபோதும் நடக்காது. வார்டில் நர்ஸ் அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், சிங்களம் சரளமாகப் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளைத் தலைவருக்கு இதைவிட முக்கியமான வேலை என்ன இருக்கிறது?

வெளியில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள். ஒரே மருந்து கம்பனிக்கு ஒரு பெயரில், ஒரு விலையில் வருகிறது. விலை வித்தியாசம் எவ்வளவு போகும் என்பதற்கு இந்தியாவில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்லலாம். இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்ற மருந்தை 'கிளிவெக்' என்ற பெயரில் நோவார்ட்டிஸ் கம்பனி விற்றது. மாதத்துக்கு சுமார் 1,20,000 இந்திய ரூபா. அதே மருந்தை இந்தியக் கம்பனிகள் சுமார் 8,000 ரூபாவுக்குக் கொடுத்தன. காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 1ஆம் திகதி அது தோற்றது. மலிவான மாத்திரையும் பிழைத்தது. நம் நாட்டில் இந்தச் சிந்தனையை விதைத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர்தான். அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான் 'ஒசுசல'. தனியார் பாமசிக்குப் போகுமுன் ஒசுசலவில் விலை கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இனி, பணம் எங்கே கிடைக்கும் என்ற விஷயம்.

பெரிய தொகைக்கு முதலில் போக வேண்டிய இடம் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. நீண்ட காலம் இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. தெரணியகலையில் இருந்தோ இறக்குவானையில் இருந்தோ ஒரு விண்ணப்பத்தைக் கொடுக்க ஒரு நாள் பேரை விட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து, "இந்தக் கடிதம் இல்லை" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் பலர். 2025 பெப்ரவரியில் இருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். இது நல்ல மாற்றம். நம் தோட்டங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: டொக்டரின் அறிக்கையும் மருந்துத் துண்டும், மருந்தின் விலையைப் பாமசி எழுதிக் கொடுத்த கடிதம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், குடும்ப வருமானத்தைப் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதம், சம்பளத் துண்டு. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். மருந்தை வாங்கிவிட்டுப் பில்லோடு போகாமல், வாங்குமுன் விண்ணப்பத்தோடு போவதே பாதுகாப்பு. கொடுத்ததற்குத் திகதி போட்ட அத்தாட்சி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட தொகை முழுவதும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வருகிற தொகைக்கு வட்டி இல்லை.

அதே பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பார்த்துவிட்டு வாருங்கள். புற்றுநோய், காசநோய், தொழுநோய், தலசீமியா போன்ற நோயாளிகள் உள்ள வறிய குடும்பங்களுக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களம் ஊடாக நோயுதவிப் பணம் உண்டு. சின்னத் தொகைதான். மருந்துக்குக் காணாது, பஸ்ஸுக்கு உதவும். நோயாளி பாடசாலைப் பிள்ளை என்றால் 'சுரக்ஷா' மாணவர் காப்புறுதியைப் பற்றி அதிபரிடம் கேளுங்கள்.

காரியாலயத்தில் தமிழில் பதில் கேட்பது யாருடைய தயவும் அல்ல. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு, வடக்கு கிழக்குக்கு வெளியிலும் அரச காரியாலயத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. புரியாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ்ப் படிவம் மறுக்கப்பட்டால் 1956 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

அடுத்தது நம் சொந்தப் பணம். ஊழியர் சேமலாப நிதியில் மாதாமாதம் நம் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் கட்டும் 12 வீதமும் சேர்கின்றன. வேலையில் இருக்கும்போதே அதில் 30 வீதம் வரை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்க 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பத்து வருடம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 3 இலட்சம் இருந்தால் 90,000 ரூபா கிடைக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இதைக் கேட்கலாம். இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியச் சான்று கிடைத்தால் முழுப் பணத்தையும் எடுக்கலாம். இதற்குத் தொழில் காரியாலயத்துக்குப் போக வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் கூப்பிடு பெயர். மூன்றும் ஒத்துப்போகாததால் மாதக்கணக்கில் இழுபடுகிறது. புற்றுநோய்க்கு அந்த மாதங்கள் காத்திருக்காது. ஆகவே நோய் வரும் வரை பார்த்திருக்க வேண்டாம். சுகமாக இருப்பவர்கள் இந்த மாதமே சேமலாப நிதி இலக்கத்தையும் பெயரையும் சரிபாருங்கள். தோட்டம் பணத்தைக் கட்டியிருக்கிறதா என்பதும் அப்போது தெரியும். கட்டாமல் இருந்தால் அது சங்கம் பேச வேண்டிய விஷயம். உடனே அறிவியுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இது முதுமைக்கு வைத்த பணம். ஆஸ்பத்திரியிலும் பிரதேச செயலகத்திலும் கேட்ட பிறகே இதில் கை வையுங்கள்.

மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் குடும்பத்தை உடைப்பது பயணம். இரத்தினபுரிப் பக்கத்தில் இருந்து 122 பஸ்ஸில் ஏறினால் ஹைலெவல் வீதியில் மகரகமவில் இறங்கலாம். கேகாலைப் பக்கத்தார் கோட்டைக்குப் போய் 138 பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். விடியற்காலைக் கிளினிக்குக்கு முதல் நாளே புறப்பட வேண்டும். நோயாளியோடு ஒருவர் கூடப் போனால் இரண்டு பேர் விழாது. இரண்டு பேருடைய நாட்சம்பளமும் அந்த ஒரு நாளிலேயே நட்டம். இது எந்த உதவிப் படிவத்திலும் செலவாக எழுதப்படுவதில்லை. மகரகமவில் வெளிநோயாளிகள் இலவசமாகத் தங்க 'சீசீசீ ஹவுஸ்' இருக்கிறது. புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்திரா புற்றுநோய் நம்பிக்கை நிதியம் நடத்தும் 'சுவ அரண' இருக்கிறது. இடம் உண்டா என்று போகுமுன் விசாரியுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து எழும்ப வேண்டிய அவசியம் இல்லை. இரத்தினபுரியிலேயே தொடரக்கூடிய சிகிச்சையா என்றும் டொக்டரிடம் கேளுங்கள். பலர் கேட்காமலேயே மகரகமவுக்கு அலைகிறார்கள்.

செலவைப் பற்றிப் பேசும்போது வெற்றிலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்த நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் பல் டொக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் சத்திரசிகிச்சையோடு முடியும். முற்றினால்தான் இந்த விலையான மருந்தெல்லாம். தலைவர்மாரே, கிளைக் கூட்டத்தில் சுற்றி வரும் வெற்றிலைத் தட்டைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். பெண்கள் 35 வயதில் ஒரு முறையாவது சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். அதுவும் இலவசம்.

இன்னொரு விஷயம். சிலருக்குக் கோபம் வரலாம். மரணாதாரச் சங்கம் இல்லாத தோட்டம் நம்மிடையே அரிது. சம்பளத்தில் பிடித்து, பந்தலுக்கும் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லாமல் கொடுக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதே மனிதர் உயிரோடு இருந்து கிளினிக்குக்குப் போக பஸ் காசு இல்லாமல் தவித்தபோது அந்தப் பெட்டி திறக்கவில்லை. மரணாதாரச் சங்கத்தின் விதியில் ஒரு வரி சேர்த்து, கிளினிக் போகும் நோயாளிக்குப் பயணப் பணம் கொடுக்க முடியாதா? பிரேரணையைக் கொண்டுவருவது நம் கிளைகளின் பொறுப்பு.

இதெல்லாம் நாம் செய்யக்கூடியவை. தோட்டக் கம்பனிகளும் அரசாங்கமும் தப்பித்துக்கொள்ள முடியாது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தோட்டத்துரையின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டமே சொன்னது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒப்புக்கொண்டதை இன்றைய நிர்வாகங்கள் லொறி இல்லை, டீசல் இல்லை என்று தட்டிக் கழிக்கின்றன. அரசாங்க ஊழியருக்கு 'அக்ரஹார' காப்புறுதி இருக்கிறது. நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் தொழிலாளிக்கு அப்படி ஒன்று இல்லை. கிளினிக் அட்டை காட்டினால் அந்த நாளை வரவுக் கொடுப்பனவில் குறைக்கக் கூடாது, மாதம் ஒரு முறை நோயாளிகளுக்கு வாகனம் கொடுக்க வேண்டும், தோட்டத் தொழிலாளருக்கும் நோய்க் காப்புறுதி வேண்டும் என்ற மூன்றையும் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து வைக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

அதற்குமுன் ஒவ்வொரு கிளையும் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் இந்த வேலைக்கென்று தெரிவு செய்ய வேண்டும். பெண்ணை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்றால், மார்பிலோ கருப்பையிலோ வந்த நோயை எந்தத் தாயும் கிளைத் தலைவரிடம் வந்து சொல்லப் போவதில்லை. சிங்களத்தில் பேசி, படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண் பிள்ளைகளைக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு வருவார்கள். தெரிவான இருவரின் பெயரையும் தோட்டத்தில் இப்போது சிகிச்சை பெறும் குடும்பங்களின் எண்ணிக்கையையும், நோயாளியின் பெயரை எழுதாமல், எண்ணிக்கையை மட்டும், அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது எழுதிக்கொண்டு வாருங்கள்.