இமாம் கஸ்ஸாலி அறிவியலின் பகைவரா?

இஸ்லாமிய உலகில் அறிவியல் தளர்ந்தமைக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே காரணம் என்று எழுதுவோர் உளர். அவர்களின் பெயரைச் சொல்லியே, ‘மார்க்கக் கல்வி போதுமே, உலகக் கல்வி எதற்கு?’ என்று வினவுவோரும் நம்மிடையே உளர். இருசாராரும் அப்பெருமகனாரை முழுமையாகக் கற்றிலர் என்பதே என் துணிபு.

கி.பி. 1058இல் பாரசீகத்துத் தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், 1091இல் பக்தாது நிஜாமிய்யாக் கல்லூரியின் பேராசிரியரானார்கள். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்னும் வினா அவர்களை வாட்டியது. 1095இல் பதவியைத் துறந்து திமிஷ்கு, ஜெரூசலம், மக்கா எனப் பயணம் மேற்கொண்டார்கள். பின்னர்ச் சிலகாலம் நைஸாப்பூரில் கற்பித்து, 1111இல் தூஸ் நகரில் மறைந்தார்கள்.

‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில் மெய்யியலாரின் கொள்கைகள் 20ஐ அவர்கள் ஆராய்ந்து மறுத்தது உண்மையே. ஆயினும், கணிதத்தை அவர்கள் மறுக்கவில்லை. தருக்கத்தையோ விரும்பிக் கற்பித்தார்கள். கிரகணத்தைக் கணித்துரைக்கும் வானநூலாரோடு மார்க்கத்தின் பெயரால் வழக்காடுவது மார்க்கத்திற்கே தீங்கு என எச்சரித்தார்கள்.

‘இஹ்யா உலூமித்தீன்’ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மருத்துவமும் கணக்கும் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவரேனும் கற்காவிடில் அனைவரும் பொறுப்பாளிகள். உழவும் நெசவும் அவ்வாறே. எல்லோரும் சட்டக்கலையை நோக்கி விரைய, முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊர்கள் பலவாயினவே என்று இமாமவர்கள் வருந்தினார்கள்.

அவ்வருத்தத்தை நம் வட்டாரத்தில் பொருத்திப் பார்ப்போம். சேத்தியாத்தோப்பைச் சூழ நெல்லும் கரும்பும் விளைகின்றன. அருகே நெய்வேலியில், 1956இல் நிறுவப்பெற்ற நிறுவனம் பழுப்பு நிலக்கரியை அகழ்ந்து மின்னாற்றலாக்குகிறது. இங்கு மண்ணையும் நீரையும் பொறியையும் நோயையும் அறிந்தோர் வேண்டும். நம் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்மக்கள், அவற்றைக் கற்க விழைவது உலக ஆசையன்று, சமுதாயக் கடமை. ‘பத்தாம் வகுப்புப் போதும்’ என்று ஒரு மகளின் படிப்பை நிறுத்தும் பெரியவர், இமாமைத் தமக்குச் சான்றாகக் காட்ட இயலாது.

மாணவர்க்கும் அவர்களிடம் பாடம் உண்டு. ‘அய்யுஹல் வலத்’ என்னும் சிறுநூலில், செயலோடு சேராத கல்வி பயன் தராது என்று தம் மாணவரொருவருக்கு அறிவுறுத்தினார்கள். சான்றிதழோடு நின்றுவிடும் படிப்பை அவர்கள் கல்வியெனக் கொள்ளார்.

இஹ்யாவின் பகுதிகள் பல தமிழில் வெளிவந்துள்ளன. பெரியோர்களே, அவற்றைப் பள்ளிவாசல் நூலகங்களில் இடம்பெறச் செய்யுங்கள். மாணவச் செல்வங்களே, பிறர் சொல்லக் கேட்டு அமையாது, நீங்களே படித்துத் தெளியுங்கள். இமாமவர்களுக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.