டிரம்மை நிரப்ப வைத்தது யார்?

எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணி வரும். அன்றைக்குக் குடம், அண்டா, நீல டிரம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைத்தால்தான் வாரம் ஓடும். போன மழைக்காலத்தில் டார்ச்சோடு வந்த கொசு ஒழிப்புப் பணியாளர் டிரம்முக்குள் பார்த்துவிட்டு, "புழு இருக்கும்மா. கொட்டிருங்க, இல்லேன்னா ஃபைன் போட்டுருவாங்க" என்றார்.

"கொட்டிட்டு சோறு எதுல பொங்குறது தாயி?" என்றார் அம்மா. தினக்கூலிக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் அந்தப் பெண்ணிடம் இதற்குப் பதில் எப்படி இருக்கும்? அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம்; நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீர் போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய எட்டு, பத்து நாள். குழாய் திறக்கிற கணக்கும் அதேதான்! கொட்டினாலும் டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணி பட்டதும் பொரிக்கும். தெருவில் அடிக்கிற புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. என்ன, போட்டோவில் நன்றாக விழும்.

அபராதம் என்றதும் 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தை நீட்டுகிறார்கள். அதே சட்டத்தில் உள்ளாட்சிகள் குடிநீர் வழங்குவது பற்றியும் ஒரு அத்தியாயம் உண்டு. அதைக் காட்டி எந்த அலுவலக வாசலில் நோட்டீஸ் ஒட்டினீர்கள்?

வாரம் ஒருதரம் டிரம்மைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறீர்கள். சரியான யோசனை. கழுவத் தண்ணி?