வீட்டுத் தோட்டமும் இந்தூர் முறையும்

இயற்கைக் காய்கறித் தோட்டம் அமைப்பது இன்றைய இந்திய நகரங்களில் ஒரு கொள்முதல் பட்டியலாகச் சுருங்கி வருகிறது. செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டி, பொட்டலமிட்ட மண்புழு உரம், கலப்பின விதைகள், வேப்பெண்ணெய்க் குப்பி என அனைத்தும் ஒரே பெட்டியில் வீடு வந்து சேர்கின்றன. அதே காலையில் அவ்வீட்டின் காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் நகராட்சி வண்டியில் ஏறிச் செல்கின்றன. இரசாயனம் சேர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் இதனை இயற்கை வேளாண்மை என்று அழைக்கலாமா?

இவ்வினாவுக்கு விடை தரும் வரலாறு இந்தூரில் இருக்கிறது. 1905இல் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் பணியேற்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். பயிர்க்கழிவு, சாணம், கால்நடைச் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் குன்றாமலும் காற்று புகுமாறும் புரட்டிவந்தால் ஏறத்தாழ மூன்று மாதங்களில் உரம் கிடைக்கும் என்பதை அங்கே அவர் முறைப்படுத்தினார். 1931இல் யஷ்வந்த் வாட் என்பவருடன் இணைந்து எழுதிய நூல் அதனை ‘இந்தூர் முறை’யாக உலகறியச் செய்தது. இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்களாகவே ஹோவர்ட் கருதினார். தாவர உடலியல் அறிஞரும் அவருடைய ஆய்வுத் துணையுமான மனைவி கேப்ரியேலின் பெயர், இயற்கை வேளாண்மை வரலாற்றில் உரிய அளவு பேசப்படுவதில்லை.

அம்முறையின் அடிப்படை, மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பதே. இந்த அளவுகோலின்படி, உரத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு தன் ஈரக்கழிவை வெளியே அனுப்பும் வீடு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இதே இந்தூர் 2017 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் தூய்மையான நகரமாகத் தேர்வு பெற்றது. நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் திறனுடைய உயிர்வாயு ஆலை அங்கே 2022இல் திறக்கப்பட்டது. இடவசதியற்ற இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அத்தகைய ஏற்பாடு இன்றியமையாதது. ஆயினும் தொட்டியில் செடி வைக்க இடமுள்ள வீட்டுக்கு, துளையிட்ட ஒரு மட்குத் தொட்டி வைக்கவும் இடமிருக்கும்.

ஆகவே தோட்டத்தை விதைக்கு முன்பே தொடங்குவது நன்று. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த சருகு, பிழிந்த துணியின் அளவு ஈரம், வாரம் ஒருமுறை கிளறல் ஆகியவை போதும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டினால் அது தணியும். தெருக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் குவித்து எரிக்கப்படும் சருகே இதற்கான மூலப்பொருள். திறந்தவெளியில் கழிவை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தும் அவ்வழக்கம் ஓயவில்லை. மழைக்காலத்தில் தொடங்கிய மட்கு, குளிர்காலத்தில் வெந்தயக்கீரைக்கும் கொத்தமல்லிக்கும் பயன்படும். வெந்தயக்கீரைக்கு விதை தேடி அலைய வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே பெரும்பாலும் முளைக்கும்.

சில தொட்டிகள் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவையை நிறைவு செய்யா என்ற மறுப்பு முற்றிலும் சரியானது. சந்தைக்கு மாற்றாக வீட்டுத் தோட்டத்தை முன்னிறுத்துவோர், வாங்கிய பொருள்களின் விலையைக் கணக்கிடும்போது ஏமாற்றமே அடைவர். தோட்டத்தின் பயன் எடைத்தட்டில் மட்டும் தெரிவதில்லை. ஒரு பிடி மட்கு உருவாக எவ்வளவு கழிவும் காலமும் உழைப்பும் தேவை என்பதை அறிந்த குடும்பம், உழவரின் விளைபொருளுக்கு விலை பேசும்போது வேறு கணக்குடன் பேசும். இயற்கை வேளாண்மை குறித்த கருத்தரங்குகள் நிகழும் பல்கலைக்கழகங்களும், தம் விடுதி உணவுக்கூடங்களின் கழிவு எங்கே செல்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.