பாதி சுதந்திரம்

2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி மாலை ஐந்து மணிக்குச் சில நிமிஷங்களே பாக்கியிருக்கையில், வில்லியம் நைலண்டர் என்னும் 22 வயது வாலிபர், கனடாவில் டொராண்டோ மேப்பிள் லீப்ஸ் என்னும் ஹாக்கி அணியாருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். மணி ஐந்து அடித்திருந்தால் அந்தப் பருவம் முழுவதும் அவர் நாஷனல் ஹாக்கி லீகில் ஆடமுடியாது என்பது விதி. ஆறு ஆண்டுகளுக்குச் சுமார் 4 கோடியே 50 லட்சம் டாலர் என்று தீர்ந்த அந்த விவகாரத்திற்கு முன் ஐந்து மாதகாலம் இழுபறி நடந்தது. அணி கனடாவில் ஆடிக்கொண்டிருந்தது; ஆட்டக்காரரோ ஐரோப்பாவில் தனியே பயிற்சி செய்துகொண்டிருந்தார். 28 ஆட்டங்கள் அவரில்லாமலே கழிந்தன. பேராசை என்றனர் சிலர். நன்றிகெட்டதனம் என்றனர் வேறு சிலர். இந்த வசைகளில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதை இன்று ஆறுதலாக விசாரிக்கலாம் என்று தோன்றுகிறது.

இது நம் நாட்டார் தயான் சந்தின் பெயரோடு சேர்த்து அறிந்திருக்கும் புல்தரை ஹாக்கி அன்று. பனித்தரையில் சறுக்கியோடி ஆடுவது. கனடாவில் இதற்கு உள்ள பித்து, இங்கே கிரிக்கெட்டுக்கு உள்ளதைவிடக் குறைந்ததன்று. நைலண்டரின் தகப்பனாரும் இதே லீகில் பல அணிகளில் ஆடியவர். பிள்ளை 2014-இல் எட்டாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2016-17, 2017-18 ஆகிய இரண்டு முழுப் பருவங்களிலும் தலா 61 புள்ளிகள் எடுத்தார். திறமையைப் பற்றி எந்தக் கக்ஷிக்கும் சந்தேகம் இல்லை. விலையில்தான் தகராறு.

விலை பேசுவது என்றால் சந்தை ஒன்று வேண்டும் அல்லவா? அந்தச் சந்தையின் லக்ஷணத்தைப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பையனை எந்த அணி பொறுக்கியதோ அந்த அணியோடுதான் அவன் பேசலாம். முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று ஆண்டு. அதில் சம்பளத்திற்கு உச்சவரம்பு உண்டு. நைலண்டர் காலத்தில் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு மேற்படக்கூடாது. மூன்று ஆண்டு முடிந்ததும் அவனுக்கு ஒரு பட்டம் கிடைக்கிறது. 'கட்டுப்பாடுள்ள சுதந்திர ஆட்டக்காரன்' என்பது அந்தப் பட்டம். அடைமொழியைப் பார்த்தாலே பெயர்ச்சொல்லின் கதி விளங்கிவிடும். 27 வயது ஆகும்வரை, அல்லது லீகில் ஏழு பருவம் நிறையும்வரை, பழைய அணி ஒரு குறைந்தபட்ச விலையைச் சொல்லி வைத்துவிட்டால் அவன்மீது அதற்கு உரிமை நீடிக்கும்.

வேறு அணி அவனுக்கு விலை சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம், விதிப் புஸ்தகத்தில் இடம் இருக்கிறது. அப்படிச் சொன்னால், பழைய அணி ஏழு நாளைக்குள் அதே விலையைத் தானே கொடுத்து அவனை நிறுத்திக்கொள்ளலாம். விட்டுவிட்டாலோ, தொகைக்கு ஏற்றபடி வருங்காலத் தேர்வுகளை, நான்கு முதற்சுற்றுத் தேர்வுகள் வரையிலும், புதிய அணி ஈடாகக் கொடுக்கவேண்டும். இதற்கு யார் முன்வருவார்கள்? 2013-இல் ரயன் ஓ'ரைலி என்பவருக்குக் கால்கரி அணி விலை சொன்னது. கொலராடோ அணி அதே விலை கொடுத்து அவரை நிறுத்திக்கொண்டது. அதற்கப்புறம் 2019-இல் மாண்ட்ரீல் அணி செபாஸ்டியன் ஆஹோவுக்கு விலை சொல்லும்வரை, ஆறு ஆண்டுகளாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலாளிகள் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கு நம்மிடம் சாக்ஷியம் இல்லை. கூடிப் பேசாமலே ஒரே மனதாக இருப்பது வியாபாரிகளுக்குப் புதிய வித்தையும் அன்று.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இங்கே ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறிடத்தில் வேலை செய்யாதே என்று ஒருவனைத் தடுப்பது ஒன்று; ஒப்பந்தம் முடிந்தபின்னும் தடுப்பது வேறொன்று. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சட்டபூர்வமான தொழிலைச் செய்யவொட்டாமல் ஒருவரைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த மட்டில் செல்லாது என்கிறது. ஒப்பந்த காலத்திற்குள் விதிக்கும் தடையை நம் கோர்ட்டுகள் பலமுறை ஏற்றிருக்கின்றன. காலம் முடிந்தபின் தொடரும் தடையை ஏற்பதில்லை. நைலண்டரின் ஒப்பந்தமோ முடிந்துவிட்டது. அவர் யாருக்கும் எந்த நாளும் கடன்படவில்லை. ஆனாலும் தம் தொழிலின் உச்சஸ்தானத்தில் வேறொரு வாசலைத் தட்ட அவருக்கு வழி இல்லை.

இது அமெரிக்காவிலும் கனடாவிலும் எப்படிச் செல்லுபடி ஆகிறது? இங்கேதான் நம் வாசகர்கள், முக்கியமாகத் தொழிற்சங்க வேலையில் ஈடுபட்டவர்கள், கவனிக்கவேண்டிய சங்கதி இருக்கிறது. ஆதியில் இந்தத் தளை முதலாளிகள் தாமே பூட்டியது. ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் தாமே புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்து ஒன்றை வைத்து ஆயுள் முழுதும் ஆட்டக்காரனைக் கட்டிவைத்தார்கள். 1957-இல் டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்ஸே என்பவர் ஆட்டக்காரர் சங்கம் ஒன்று காணப் புறப்பட்டார். அந்தப் பருவம் அவர் ஆட்டம் என்றுமில்லாத உச்சத்தில் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சங்கமும் மறைந்தது. நிலைத்து நிற்கும் சங்கம் 1967-இல்தான் ஏற்பட்டது. 1972-இல் போட்டி லீக் ஒன்று தோன்றி, பெரிய விலை கொடுத்து ஆட்டக்காரர்களை இழுக்கவே, வழக்கு பிலடெல்பியா கோர்ட்டுக்குப் போயிற்று. நீதிபதி ஹிக்கின்பாதம் அந்த ஷரத்தைச் செலுத்தக்கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தார். முதலாளிகளின் பூட்டு உடைந்தது.

உடைந்த பூட்டு வேறு வழியாகத் திரும்பி வந்தது. 1978-இல் டெட்ராய்ட் அணி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரோகி வாஷான் என்ற கோல்காப்பாளரைச் சேர்த்துக்கொண்டது. அவரை இழந்த அணிக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்பது விதி. மத்தியஸ்தர் ஈடாக எழுதியது யாரை? டேல் மெக்கோர்ட் என்ற 21 வயது இளைஞரை! 1977-இல் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, முதற்பருவத்திலேயே 33 கோல் போட்டவர். வாஷான் பேரத்தில் அவருக்குச் சம்பந்தமே கிடையாது. ஒருவன் தன் இஷ்டப்படி இடம் மாறியதற்கு, மற்றொருவன் இஷ்டமில்லாமல் இடம் மாறவேண்டும் என்பது தீர்ப்பு. 'போகமாட்டேன்' என்று மெக்கோர்ட் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க்கோர்ட்டு தடை கொடுத்தது. 1979-இல் அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. காரணம் என்ன? இந்த விதி ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி முடிவான கூட்டு ஒப்பந்தத்தின் பகுதி. சங்கம் எதிர்த்துப் பேசியது, வேறு சலுகைகளைப் பெற்றுக்கொண்டு இதை விட்டுக்கொடுத்தது. ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் இதைத் தொடாது என்பதே. ஒரு நீதிபதி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கடைசியில் டெட்ராய்ட் அணியார் வேறு ஈடு கொடுத்து மெக்கோர்ட்டை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு மோக்ஷம் கிடைத்தது; சட்டம் அப்படியே நின்றது.

அதாவது, முதலாளி தனியே விதித்தால் அநியாயம் என்று விழுந்துபோகும் தடை, சங்கத்தின் கையெழுத்து ஏறினால் நியாயமாகி நிலைபெற்றுவிடுகிறது. கூட்டுப் பேரம் தொழிலாளிக்குப் பெரிய ஆயுதம் என்பதில் நமக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அந்த மேஜையில் உட்காருகிறவர்கள் யார்? லீகில் ஏற்கனவே இடம் பிடித்தவர்கள். யாருடைய சுதந்திரத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள்? இன்னும் சங்கத்தில் சேராத, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் பையன்களுடையதை. வராதவன் தலையில் வரியைப் போடுவது சுலபம். அவன் கூச்சல் மண்டபத்திற்குள் கேட்காது. 1995-இல் புதியவர்களின் சம்பளத்திற்கு வரம்பு கட்டினார்கள். 2004-05-இல் முதலாளிகள் கதவை அடைத்து ஒரு பருவத்தையே பலிகொடுத்தபின், அணி முழுவதற்கும் சம்பள உச்சவரம்பு வந்தது. ஒவ்வொரு சமாதானத்திலும் அனுபவஸ்தர் சிலவற்றை இழந்தார்கள், சிலவற்றைப் பெற்றார்கள். புதியவனோ இழந்தான் என்று மட்டுமே சொல்லவேண்டும்.

விதிகளில் நம் கண்ணில் பட்ட சூக்ஷ்மம் ஒன்று உண்டு. சம்பளத் தகராறு தீராவிட்டால் நடுநிலை மத்தியஸ்தரிடம் போகும் ஏற்பாடு இந்த லீகில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. இரு கக்ஷியும் வாதிக்கும். அவர் தொகை சொல்வார். ஆட்டக்காரன் வீட்டில் உட்காரவேண்டியதில்லை. ஆனால் 18 முதல் 20 வயதிற்குள் முதல் ஒப்பந்தம் எழுதியவன், நான்கு ஆண்டு தொழிலாட்டம் ஆடியிருந்தால்தான் அந்த மத்தியஸ்தரிடம் போகலாம். முதல் ஒப்பந்தமோ மூன்று ஆண்டு! மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே உள்ள அந்த ஒரு வருஷப் பள்ளத்தில்தான் நைலண்டர் விழுந்து கிடந்தார். வேறு அணிக்குப் போகவும் வழியில்லை, மத்தியஸ்தரைக் கூப்பிடவும் உரிமையில்லை. பிறகு ஆடமாட்டேன் என்பதைத் தவிர அவர் கையில் இருந்தது என்ன?

அணியார் பக்கத்திலும் சொல்ல விஷயம் உண்டு. அதை மறைப்பது பத்திரிகை தர்மம் ஆகாது. 2018-19-இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 7 கோடியே 95 லட்சம் டாலர். அந்த ஜூலை முதல் தேதிதான் டொராண்டோ அணி ஜான் டவாரஸ் என்ற பெரிய ஆட்டக்காரருக்கு ஏழு ஆண்டுகளில் 7 கோடியே 70 லட்சம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. ஆஸ்டன் மாத்யூஸ், மிட்ச் மார்னர் என்ற இரண்டு இளைஞர்களின் ஒப்பந்தங்கள் அடுத்து வரக் காத்திருந்தன. பானை ஒன்று, அகப்பை பல. நைலண்டருக்கு அதிகம் போனால் முதலாளியின் பெட்டி குறையாது; சக ஆட்டக்காரன் ஒருவனுடைய பங்குதான் குறையும். உச்சவரம்பின் சாமர்த்தியமே அதுதான்: முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள வழக்கைத் தொழிலாளிகளுக்குள்ளேயே வழக்காக மாற்றிவிடுகிறது. அப்போது 33 வயதுகூட முழுதாக நிறையாமல் அணி நிர்வாகம் பார்த்த கைல் டுபாஸைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் கையில் கொடுத்த தராசு அப்படி.

கோடி கோடியாகச் சம்பாதிப்பவனுக்கு என்ன வக்காலத்து என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். ஞாயமான கேள்வி. ஆனால், இத்தகைய விதி கோடீசுவரனுக்கென்று ஒன்று, ஏழை ஆட்டக்காரனுக்கென்று ஒன்று எனப் பிரித்து எழுதப்படவில்லை. நான்காவது வரிசையில் ஆடி, முழங்கால் முறிந்து, இருபத்தைந்து வயதில் வெளியேறும் எத்தனையோ பேருக்கும் இதே பள்ளம்தான். அவர்கள் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. வீட்டில் உட்கார்ந்தால் தேடுவாரும் இல்லை. ஐந்து மாதம் மறுத்து நிற்கிற சக்தி புகழ்பெற்ற ஒருவனுக்குத்தான் உண்டு.

மறுத்து நிற்க வேறு பிழைப்பும் வேண்டும். 1973-இல் மாண்ட்ரீல் அணியின் கோல்காப்பாளர் கென் டிரைடன், கோல்காப்பாளருக்கான லீகின் பரிசை வென்ற சூட்டோடு, சம்பளம் போதாது என்று ஆட்டத்தை விட்டு விலகினார். மக்கில் சர்வகலாசாலையில் சட்டம் படித்தவர். டொராண்டோவில் வக்கீல் காரியாலயம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார். ஆட்டத்தில் கிடைத்ததில் பத்திலொரு பங்குகூட அங்கே இல்லை. அந்தப் பருவம் மாண்ட்ரீல் அணி முதற்சுற்றிலேயே தோற்றது. அடுத்த ஆண்டு நல்ல சம்பளத்துடன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்; 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு தடவை கோப்பை கிடைத்தது. (சட்டப் படிப்பு கஞ்சி ஊற்றாது என்று நம் தொழிலைப் பரிகசிப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) 2025-இல் காலமான அப்பெரியார் பிற்காலத்தில் கனடாவில் மந்திரியாகவும் இருந்தார். அவருக்கு இரண்டாவது வாசல் ஒன்று திறந்திருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பனித்தரையைத் தவிர வேறொன்றும் அறியாத பையனுக்கு அந்த வாசல் ஏது?

நைலண்டருக்கு அந்த ஐந்து மாதம் இனாமாக வந்துவிடவில்லை. திரும்பி வந்து ஆடிய 54 ஆட்டங்களில் 7 கோல்தான் போட்டார். வசை இன்னும் பலத்தது. பிறகு ஆட்டம் தேறியது. 2022-23-இலும் 2023-24-இலும் தலா 40 கோல், 2024-25-இல் 45. 2024 ஜனவரியில் அதே டொராண்டோ அணி எட்டு ஆண்டுகளுக்கு 9 கோடியே 20 லட்சம் டாலர் என்று அவருடன் புதிய ஒப்பந்தம் எழுதியது. இம்முறை எந்த மணியும் அடிக்கக் காத்திருக்கவில்லை. ஏன்? சில மாதங்களில் முழுச் சுதந்திரத்துடன் எந்த அணிக்கும் போகக்கூடிய நிலையில் அவர் இருந்தார். அதே ஆள், அதே அணி. வித்தியாசம், வாசல் திறந்திருந்ததுதான்.

தேர்வு முறையையே ஒழித்துவிடவேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. பணக்கார நகரங்கள் எல்லா வீரர்களையும் வாரிக்கொண்டு போகாமல் தடுக்க ஏதோ ஒரு கட்டு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நாம் கேட்பது சிறியது. முதல் ஒப்பந்தம் முடிந்த அன்றே, வேறு அணிக்குப் போகும் உரிமை இல்லாத ஒவ்வொருவனுக்கும் மத்தியஸ்தரிடம் போகும் உரிமை இருக்கவேண்டும். வாசலை அடைத்துவைக்கிறவர்கள் தராசையாவது நடுநிலையாளர் கையில் கொடுக்கட்டும். முதலாளிகள் தாமாக இதைத் தரமாட்டார்கள். இதைக் கேட்கவேண்டியவர்கள் ஆட்டக்காரர் சங்கத்தார். தம் சம்பளம் ஏற வாதிக்கும் அதே மேஜையில், இன்னும் வந்து சேராத பையன்களுக்காக அந்த நான்கு என்ற எண்ணை மூன்று என்று திருத்தும்படி அவர்கள் கேட்கவேண்டும். அதற்கு விலையாகத் தம் பங்கில் எதையேனும் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் கேட்கவேண்டும்.