தண்ணீரில் ஓடிய கார் ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறதா?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் மக்கள். 2015 வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால், எல்லா மழையும் சொல்லிவிட்டு வருவதில்லையே! வேலை முடிந்து திரும்பும் வழியில் அரைச் சக்கர அளவுக்குத் தண்ணீர். எப்படியோ தாண்டியாகிவிட்டது. அப்புறம்தான் பிரச்னை ஆரம்பம். வண்டி குலுங்குகிறது, பிக்கப் இல்லை, டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. மெக்கானிக்குகள் இதைத்தான் ‘மிஸ்ஸிங்’ என்கிறார்கள்.

என்ன நடக்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தர வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புவது இக்னிஷன் காயில். காயிலின் ரப்பர் உறையில் விரிசல் இருந்து, அதில் ஈரம் இறங்கினால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் இன்ஜின் உடம்பில் இறங்கிவிடும். நான்கு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்யும். அதனால்தான் அந்தக் குலுக்கல். டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே ஏர் ஃபில்டர், சென்சார், ஒயரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். விளக்கு நிலையாக எரிந்தால், மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம்.

அடுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தாலும் அப்படித்தான். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுவதே நல்லது.

எந்த சிலிண்டர்?

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோடு எண் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. பி0300 வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களில் கோளாறு என்று பொருள். ஈரம் பரவலாக இறங்கியிருக்கலாம்.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, காயிலைச் சுற்றிக் காற்றடித்து ஈரத்தை ஓட்ட வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரெசரே போதும். பிளக்கைக் கழற்றும் முன், அது உட்கார்ந்திருக்கும் குழியிலும் காற்றடிப்பது முக்கியம். இல்லாவிட்டால், அங்கே தேங்கிய தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் விழும்.

காய்ந்த பிறகும் மிஸ்ஸிங் தொடர்ந்தால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா? பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம். ‘நாலு காயிலையும் மாத்திடலாம் சார்’ என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையை முதலில் கேளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டரையும் அதன் கப்ளரையும் பார்த்துவிட்டு, கம்ப்ரெஷன் சோதனை செய்ய வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது அல்லவா? லேசாக வளைந்த ராடோடு வண்டி கொஞ்ச காலம் ஓடவும் செய்யும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் ராட் உடைந்து, இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடலாம். ‘காய்ந்ததும் சரியாகிவிட்டது’ என்று நிம்மதியடைவதற்கும், ‘குலுக்கலோடு ஓடுகிறதே, போதும்’ என்று விட்டுவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் கவனத்துக்கு: தண்ணீரில் நின்றுபோன இன்ஜினை ஸ்டார்ட் செய்து வரும் சேதத்தை, சாதாரண முழு பாலிசி பெரும்பாலும் ஏற்காது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.